பைக்கில் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர்: சென்சார் இடம், மரை, எர்த், எண்கள் – அனுபவப் பகிர்வு

#1

ஏர்கூல்டு (காற்றால் ஆறும் இன்ஜின்) வண்டிகளில் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் பொருத்தியதில் கண்டதை இங்கே சேர்ப்போம். ஒரே ஒரு வேண்டுகோள்: சென்சார் எங்கே இருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். ஒரே இன்ஜினில், ஒரே நிமிடத்தில், அடியில் தேங்கிய ஆயிலில் ஒரு எண் வரும். ஆயிலை ஆற்றும் கூலருக்குப் போகும் குழாயில் வேறு எண், திரும்பி வரும் குழாயில் இன்னொன்று. இடம் சொல்லாமல் "125 காட்டுது" என்றால் அடுத்தவர் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

பெரும்பாலான வண்டிகளில் ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட்தான் எளிய இடம். இன்ஜினைத் தொளைக்க வேண்டாம், வேண்டாமென்றால் பழைய போல்ட்டையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பழைய போல்ட்டைக் கழற்றி வெர்னியரிலும் பிட்ச் கேஜிலும் (மரை இடைவெளி பார்க்கும் அளவி) அளந்த பிறகே, சென்சாரை ஏற்றும் அடாப்டர் போல்ட் வாங்குங்கள். அதே மாடல்தான் என்று இன்னொருவர் சொன்ன அளவை நம்பி வாங்கினால், இரண்டு சுற்று ஏறிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரால் அழுத்தினால் அலுமினிய மரை உதிர்ந்துவிடும், பிறகு ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் உள்ளே வைக்கும் கம்பிச்சுருள்) தான்.

கவனிக்க வேண்டியது ஆழம். சென்சாரின் நுனி ஆயிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடாப்டரின் குழிக்குள்ளேயே நுனி ஒளிந்துகொண்டால், அது போல்ட்டின் உலோகச் சூட்டைத்தான் காட்டும். அந்த உலோகத்தை வெளிக்காற்று ஆற்றிக்கொண்டே இருப்பதால் எண் எப்போதும் குறைவாகவே வரும். அதிகமாக நீட்டினாலும் ஆபத்து: உள்ளே ஆயில் ஸ்ட்ரெய்னரோ (சல்லடை) கியரோ இருக்கலாம். சென்சார் நுனியில் கொஞ்சம் பிளாஸ்டிசின் களிமண் ஒட்டி, கையால் முழுதும் முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். களிமண் நசுங்கியிருந்தால் அந்த நீளம் ஆகாது. சோதித்த பிறகு துளி களிமண்கூட உள்ளே தங்கவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

போல்ட் நேராகக் கீழ்நோக்கி இருக்கும் வண்டிகளில் இந்த வழியே வேண்டாம் என்பது என் முடிவு. நம் ஊர் வேகத்தடையில் முதலில் இடிபடுவது அந்தச் சென்சார்தான். அது உடைந்தால் ஆயில் முழுதும் கொட்டும், அதுவும் பின் டயர் மேல். பக்கவாட்டில் போல்ட் இருந்தால் தாராளமாகப் போடலாம். பழைய போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்ததா என்றும் பாருங்கள். இருந்தால், புது அடாப்டர் போட்ட நாளிலிருந்து இரும்புத்தூளைப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

#2

லேத் வேலை செய்பவன் என்ற முறையில் மரை பற்றி மட்டும்.

சென்சார்கள் மூன்று மரையில் வருகின்றன: எம்10 × 1.0, 1/8 பிடி (PT), 1/8 என்பிடி (NPT). கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். பிடி அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி கோணம். என்பிடி அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி. எம்10-இல் மரைக்கு மரை 1 மில்லிமீட்டர், மற்ற இரண்டிலும் சுமார் 0.91, 0.94. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஒன்றில் இன்னொன்று பாதி வரை ஏறிவிடும். ஏறியதே என்று ஓட்டினால் சூடு ஏறியதும் கசியும்.

எம்10 நேர்மரை. அதற்கு அடியில் செம்பு வாஷர்தான் அடைப்பு, ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். பிடி, என்பிடி இரண்டும் கூம்புமரை. அவை கடைசி வரை உட்காராது, உட்கார வைக்கவும் கூடாது. கையால் ஏறும் வரை ஏற்றி, ஸ்பேனரில் ஒன்று, ஒன்றரைச் சுற்று போதும். "இன்னும் மரை வெளியே தெரியுதே" என்று முறுக்கினால் அலுமினியத்தில் விரிசல் விழும். ஆப்பு அடிப்பது போல அது.

கேஸிங்கில் புதிதாகத் துளை போடுவதாக இருந்தால், கவரைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் போட வேண்டும். எம்10 × 1.0-க்கு 9 மில்லிமீட்டர் டிரில். மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கவர் வண்டியில் இருக்கும்போதே துளை போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு சீவல் ஆயில் பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர் யாரும் அதைச் செய்யமாட்டார். சிலிகான் பேஸ்டை அள்ளிப் பூசுவதும் அதே வகைத் தவறு. உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

#3

ஒயரிங்கில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி எர்த்தில்தான்.

ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்பே எர்த். மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் அந்த எர்த் கெடும், மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரின் எர்த்தை ஹெட்லைட் பிராக்கெட்டில் கட்டாதீர்கள், பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள். சோதிக்க எளிய வழி: இண்டிகேட்டர் போடுங்கள். அது மின்னும் தாளத்துக்கே முள்ளும் ஆடினால், இரண்டுக்கும் பொதுவான எர்த் பலவீனம் என்று அர்த்தம்.

பிளஸ் எங்கிருந்து எடுப்பது? சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட் லைனிலிருந்து, 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக. பழைய வண்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பல மாடல்களில் ஹெட்லைட் ஏசி கரண்டில் எரியும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் கூடுவது அதனால்தான். ஹெட்லைட் ஒயரில் மீட்டரைக் கோர்த்தால் டிஜிட்டல் மீட்டர் போய்விடும். மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் கம்பெனி சென்சார்களின் ஒயரைப் பிரித்து எடுக்கவே கூடாது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தவறான அளவைப் படிக்கும்.

ரேஸ் செய்யும்போது மட்டும் எண் தாறுமாறாகக் குதித்தால் அது ஸ்பார்க் இரைச்சல். சென்சார் ஒயரை இக்னிஷன் காயிலிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ரெசிஸ்டர் உள்ள பிளக் போடுங்கள்: என்ஜிகே எண்ணில் பிபிஆர்6இஎஸ் என்று நடுவில் 'ஆர்' இருந்தால் ரெசிஸ்டர் உண்டு, பிபி6இஎஸ்-இல் இல்லை. சைலன்சர் பைப் பக்கம் போகும் ஒயர் சிலிகான் உறை உள்ளதாக இருக்கட்டும். சாதா பிவிசி அங்கே உருகும்.

கோளாறு பார்க்க: ஒற்றை ஒயர் முள் மீட்டரில், சாவி போட்டு, சென்சார் ஒயரைக் கழற்றினால் முள் அடியில் நிற்க வேண்டும். அதை ஒரு நொடி எர்த்தில் தொட்டால் மேலே ஓட வேண்டும். இரண்டும் சரியென்றால் மீட்டரும் ஒயரும் நலம், சந்தேகம் சென்சார் மேல்.

#4

மேலே #3 சொன்ன சோதனை ஒயருக்குச் சரி. ஆனால் எண் உண்மையா என்பது அதில் தெரியாது. சென்சாரும் மீட்டரும் ஜோடி. தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் பொய் சொல்லும்.

கணக்கோடு சொல்கிறேன். விடிஓ கம்பெனி வகையில் 120 டிகிரி வரை அளக்கும் சென்சார் ஒன்று, 150 டிகிரி வரை அளக்கும் சென்சார் ஒன்று. சூடு ஏற ஏற இரண்டின் ஓம் அளவும் இறங்கும். 100 டிகிரியில் முதலாவது சுமார் 38 ஓம், இரண்டாவது சுமார் 62 ஓம். 150 டிகிரி மீட்டருக்கு 120 டிகிரி சென்சாரைக் கொடுத்தால், ஆயில் 100-இல் இருக்கும்போது முள் 120-ஐ ஒட்டி நிற்கும், வீண் பயம். தலைகீழாக மாட்டினால் அதே 100 டிகிரி 83, 84 என்று தெரியும். இதுதான் இன்ஜினைக் கொல்லும் தவறு.

மாட்டும் முன் வெந்நீரில் பாருங்கள். சென்சார் நுனியைக் கொதிக்கும் நீரில் தொங்கவிடுங்கள், பாத்திரத்தைத் தொடக்கூடாது. ஒற்றை ஒயர் என்றால் அதன் உடம்பிலிருந்து ஓர் எர்த் ஒயர் கிளிப் போட வேண்டும். சென்னையில் 100 வர வேண்டும். பெங்களூரில் 97-ஐ ஒட்டி வரும். ஊட்டியில் 92, 93 தான் வரும், அங்கே நீரே அவ்வளவில் கொதித்துவிடும். சென்சாரைக் குறை சொல்லக்கூடாது.

லேசர் கன் (தொடாமல் சூடு அளக்கும் கருவி) வைத்து ஒப்பிடுபவர்களுக்கு: பளபளக்கும் அலுமினியத்தில் அது மிகக் குறைத்துக் காட்டும். கேஸிங்கில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பிடியுங்கள். அப்போதும் அது கேஸிங்கின் சூடுதான், ஆயிலுடையது அல்ல.

#5

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் எங்கே அளப்பது என்று கேட்பவர்களுக்கு: அது டிரை சம்ப் (ஆயில் இன்ஜின் அடியில் தேங்காத வகை). ஆயில் கிரேங்க்கேஸோடு சேர்ந்த தனித் தொட்டியில் இருக்கும். அளக்க வேண்டியது தொட்டியில்தான். ஆயில் மூடியிலேயே முள் வைத்த டிப்ஸ்டிக் தெர்மாமீட்டர் இதற்குப் போதும், ஒயரே வேண்டாம். யமஹா எஸ்ஆர் 500, பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களுக்கு இப்படிப்பட்டவை நெடுநாளாக உண்டு. தண்டின் நீளம் ஆயில் மட்டத்துக்குக் கீழே போக வேண்டும், மேலே நின்றால் ஆவியின் சூடுதான் தெரியும். ஓட்டும்போது அதைப் பார்க்க முடியாது என்பது குறை. நிறுத்திப் பார்க்கலாம்.

#6

எண் வந்த பிறகு என்ன செய்வது என்று இன்னும் யாரும் எழுதவில்லை.

ஏர்கூல்டு இன்ஜினில், அடியில் தேங்கும் ஆயிலை அளந்தால், நெடுஞ்சாலையில் 90 முதல் 115 வரை சாதாரணம். மே மாத டிராஃபிக்கில் 125, 130 தொடலாம். 140 தாண்டினால் ஓரம் நிறுத்துங்கள். ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 130-இல் ஓடிய நாட்கள் நிறைய இருந்தால் ஆயில் மாற்றும் கிலோமீட்டரை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

சூடு பார்த்து பயந்து கெட்டியான ஆயிலுக்குத் தாவ வேண்டாம். ஆயில் தகரத்தில் இருக்கும் 30, 40, 50 என்ற எண் 100 டிகிரியில் அளந்த பாகுநிலையைக் குறிக்கும் கிரேடு. கம்பெனி சொன்ன கிரேடுக்குள்ளேயே நில்லுங்கள். ஜாசோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை கட்டாயம், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் நழுவலாம்.

சூடு குறைவதும் கெடுதல்தான், அதை யாரும் கவனிப்பதில்லை. தினமும் 3 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியில் ஆயில் 70-ஐத் தாண்டாது. உள்ளே சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் இதுதான் காரணம். வாரத்துக்கு ஒருமுறை 30, 40 நிமிடம் ஓட்டி 90-க்கு மேல் கொண்டுபோங்கள். காலையில் 60 வரும் வரை முறுக்காமல் ஓட்டுங்கள்.

இந்த மீட்டர் மெதுவானது. ஏற்றத்தில் ஹெட் கொதித்து, சில நிமிடம் கழித்துத்தான் ஆயில் எண் ஏறும். இன்ஜின் நாக்கிங் சத்தம் கேட்டால் எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம்.

#7

பல்சர் 220, அப்பாச்சி 200, இன்டர்செப்டர் 650 போல ஆயில் கூலர் உள்ளவற்றுக்கு: கூலருக்குப் போகும் குழாயில் சென்சார் வையுங்கள். திரும்பும் குழாயில் வைத்தால் ஆறிய ஆயிலைப் பார்த்து நிம்மதியாக இருப்பீர்கள். எது போகும் குழாய் என்று தெரிய, குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு இரண்டையும் தொட்டுப் பாருங்கள், முதலில் சூடாவது அதுதான்.

#1 சொன்ன டிரெய்ன் போல்ட் வழிக்கு ஒரு சேர்க்கை. சென்சார் ஒயரில் ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் புகாத கப்ளர் வையுங்கள். ஆயில் மாற்றும்போது கப்ளரைப் பிரித்த பிறகே போல்ட்டைச் சுழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் முறுக்கேறி சென்சார் கழுத்தில் அறுந்துவிடும். சர்வீஸுக்கு வண்டியை விடும்போது மெக்கானிக்கிடம் இதை வாயால் சொல்லிவிடுங்கள். அதோடு பழைய டிரெய்ன் போல்ட்டையும் ஒரு புது வாஷரையும் சீட்டுக்கு அடியில் பையில் போட்டு வைத்திருங்கள்.