ரகூ வைத்த அனுபவம்: பொலோனியா, பலெர்மோ, நேப்பிள்ஸ்

பொலோனியாவில் இருந்து

ரகூ என்பது இத்தாலியில் பாஸ்தாவோடு சாப்பிடும் கறிக் குழம்பு. இந்த ஊரில் அதைக் கறிக்காகவே வைக்கிறார்கள். தக்காளி அதில் துணைக்கு வருகிறது, அவ்வளவுதான். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா எண்பதைத் தாண்டியவர். அவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது.

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இத்தாலியச் சமையல் அகாதமியின் பொலோனியா கிளை 1982 அக்டோபர் 17 அன்று இந்தச் செய்முறையை ஊர் வணிகச் சபையில் பதிவு செய்தது. 2023இல் அதைப் புதுப்பித்தார்கள். புதிய பதிவில் கொரகொரப்பாக அரைத்த மாட்டுக்கறி 400 கிராம், பான்செட்டா என்கிற பன்றியின் வயிற்றுக் கொழுப்புக்கறி 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி தலா 60 கிராம். தக்காளிச் சாறு 200 கிராம்தான், கூடவே ஒரு கரண்டி தக்காளி விழுது. இதைப் படித்த பிறகு சிவப்பாக ஓடும் குழம்பைப் பொலோனீஸ், அதாவது பொலோனியா முறைக் குழம்பு, என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எல்லாம் நடப்பது முதல் அரைமணியில். அந்த அம்மா பான்செட்டாவைப் பொடியாக நறுக்கி, சிறு தீயில் கொழுப்பு உருகும்வரை விடுவார். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயமும் கேரட்டும் செலரியும் வதங்கும், நிறம் மாறக் கூடாது. அப்புறம் கறி. கறி விழுந்ததும் தண்ணீர் விட்டுக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் வைனையும் தக்காளியையும் கொட்டிவிடுவார்கள். அவர் கொட்டமாட்டார். தீயைக் கூட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோவார். முதலில் சளசளவென்று ஒரு சத்தம் வரும். தண்ணீர் வற்ற வற்ற அது குறைந்து, திடீரென்று சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும். "கேட்டதா?" என்பார். கறி சிவந்து வாசனை ஏறுவது அதற்குப் பிறகுதான். நீர் இருக்கும்வரை கறி வேகுமே தவிர வறுபடாது. கறியின் ஆழமான ருசி முழுக்க வறுபடுவதில் இருந்துதான் வருகிறது. பாத்திரம் சிறியதாக இருந்தால் கறியை இரண்டு முறையாகப் போட்டு வறுங்கள்.

பிறகு ஒரு கிளாஸ் வைன், வெள்ளையோ சிவப்போ. பச்சை வாடை போகும்வரை வற்றவிட்டு, தக்காளியும் கொஞ்சம் சூடான எலும்புச் சாறும் சேர்த்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, இரண்டு முதல் மூன்று மணி நேரம். தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஒரு குமிழி வந்து உடைந்த பிறகு அடுத்த குமிழி வர வேண்டும். கறியில் இருக்கும் ஜவ்வு இந்த மெல்லிய சூட்டில் நிதானமாகக் கரைந்து குழம்புக்கு ஒரு பிசுபிசுப்பைக் கொடுக்கும். கடைசிப் பகுதியில் ஒரு கிளாஸ் பால். பால் கட்டாயம் இல்லை என்று புதிய பதிவு சொல்கிறது. ஆனால் தக்காளியின் புளிப்பைத் தணித்துக் கறியை மெதுமெதுவென்று ஆக்குவது அதுதான், நான் விடமாட்டேன்.

பூண்டு கிடையாது. மூலிகை, மசாலா எதுவும் கிடையாது. நம் கை தானாகப் பூண்டுக்குப் போகும், ஒரு முறை அதைத் தடுத்துப் பாருங்கள். நம் ஊர்க் குழம்பு மாதிரியே மேலே எண்ணெய் பிரிந்து வந்தால் பதம் சரி.

பக்கத்துக்கு ஸ்பகெட்டி வேண்டாம். முட்டை சேர்த்துப் பிசைந்த, பட்டையான தாலியத்தெல்லே பாஸ்தாதான். வெந்த பின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று அதையும் 1972இல் வணிகச் சபையில் பதிந்து வைத்திருக்கிறார்கள். சொரசொரப்பான அந்தப் பட்டையில் குழம்பு ஒட்டி நிற்கும்.

பலெர்மோவில் இருந்து

பொலோனியாவில் இருந்து நீங்கள் எழுதியதை ஆசையோடு வாசித்தேன். இங்கே சிசிலியில் எங்கட யாழ்ப்பாணத்து ஆட்கள் கனபேர் இருக்கிறார்கள். எனக்கும் ஒரு வயதான சின்யோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில்தான் வேலை. சமையல் முழுக்க அவவிடம் பழகியது.

இங்கத்தைய ரகூவுக்குள் பச்சைப் பட்டாணி கட்டாயம் விழும். பாஸ்தாவுக்கு மட்டுமில்லை, அரஞ்சீனாவுக்குள் வைப்பதும் இதுதான். குங்குமப்பூ போட்ட சோற்றை உருண்டையாக்கி, நடுவில் ரகூ வைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. டிசம்பர் 13 சாந்தா லூச்சியா திருநாள். அன்றைக்கு பலெர்மோ சனம் பாணும் பாஸ்தாவும் தொடாது, ஊர் முழுக்க அரஞ்சீனா வாசம்தான்.

அதுக்கு வைக்கிற ரகூ நன்றாக இறுகி இருக்க வேண்டும். அதனால் முதல்நாளே வைத்துவிடுவோம். கரண்டியை அடியில் இழுத்தால் சட்டியின் அடி தெரிய வேணும், குழம்பு ஓடிவந்து மூடக் கூடாது. இரவு குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் பாளமாக உறைந்திருக்கும். நீங்கள் சொன்ன அந்த ஜவ்வு கரைந்ததன் வேலைதான் இது. உறைந்ததை அப்படியே கரண்டியால் எடுத்துச் சோற்றுக்குள் வைக்கலாம், பொரித்த பிறகு உள்ளே திரும்ப இளகிவிடும். அவசரமாக வைத்த ரகூ உறையாது, உருண்டை பிடிக்கும்போதே சோற்றால் வழிந்துவிடும். பிள்ளைகள் சாப்பிடும் வீடு என்றால் வைனைக் குறைத்து எலும்புச் சாற்றைக் கூட்டுங்கோ, ருசி கெடாது.

நேப்பிள்ஸில் இருந்து

என் மாமியார் நேப்பிள்ஸ்காரர். அவர் வீட்டு ரகூவில் கொத்துக்கறியே கிடையாது. பன்றி விலா எலும்பு, மாட்டுக்கறித் துண்டு, உள்ளே சீஸும் பூண்டும் பார்ஸ்லியும் வைத்துச் சுருட்டி நூலால் கட்டிய கறி, எல்லாம் முழுசு முழுசாகப் போகும். இங்கே தக்காளி தாராளம், நிறம் கருஞ்சிவப்பு. சனிக்கிழமை இரவே அடுப்பில் ஏற்றிவிடுவார், ஞாயிறு மதியம்தான் தட்டுக்கு வரும். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு மரக்கரண்டியை வைத்து ஆவி போக வழி விடுவார். முதலில் கையால் ஒடித்த நீளமான சீத்தி பாஸ்தாவில் குழம்பை மட்டும் கலந்து பரிமாறுவார்கள். கறி அதற்குப் பிறகு தனித் தட்டில் வரும். ஒரே பாத்திரத்தில் இரண்டு சுற்றுச் சாப்பாட்டுக்கான ருசி.

குக்கரில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் தங்கை சென்னையில் அப்படித்தான் வைக்கிறாள், கறி அருமையாக வேகிறது. ஆனால் குக்கரில் தண்ணீர் அதிகம் வெளியே போக வழியில்லை. விசில் அடங்கித் திறந்தால் குழம்பு தண்ணியாக நிற்கும், தக்காளியின் பச்சை வாடையும் முழுசாகப் போயிருக்காது. திறந்த பிறகு சிறு தீயில் இன்னொரு மணி நேரமாவது வற்ற வேண்டும், அப்போதுதான் எண்ணெய் மேலே வரும். அந்த ஒரு மணிக்குத் தயார் என்றால் தாராளமாக வையுங்கள். கறியைச் சிவக்க வறுக்கும் வேலையை மட்டும் மூடி போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.