கொழும்புக்கு வந்து இரண்டு வாரம், கணினி வாங்குவதில் மாட்டிக்கொண்டேன்

கோவைப்பையன்: கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறேன். ஆபீசுக்குக் கணினி வாங்கும் பொறுப்பு என் தலையில். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் போன வாரம் சொன்ன விலை இந்த வாரம் இல்லை. கேட்டால் இன்டெல் புரொசசர் வரத்துக் குறைவு என்கிறார்கள். இப்போதே வாங்கவா, பொறுக்கவா? திங்கட்கிழமை முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தை அக்கா: தம்பி, வதிவிட விசா எடுத்தாச்சா? வீடு? முதலில் அதைப் பாருங்கள்.

தெஹிவளைவாசி: நான் திருச்சியிலிருந்து 2022 மார்ச்சில் வந்தேன். மாதக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. கேஸ் வரிசையில் நின்று அழுதிருக்கிறேன். டாலர் இல்லாமல் சாமானே வரவில்லை. கிடைப்பதை உடனே வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனை: அவசரப்படாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் இன்டெலின் புதிய சில்லுத் தொழிற்சாலை ஃபேப் 52 ஓடத் தொடங்கிவிட்டது. சரக்கு வரும்.

தெஹிவளைவாசி: அங்கே ஆவது மடிக்கணினிக்கான பாந்தர் லேக் புரொசசர். இங்கே 18 வீத வாட் வரியோடு எதை வாங்குவது?

கொட்டாஞ்சேனை: வரி மட்டுமா? ஏஐ சேர்வர்காரர்கள் அள்ளுவதில் ரேம் விலையும் ஏறிவிட்டது. நம் சம்பளம் அப்படியே நிற்கிறது.

மருதானை அண்ணன்: தம்பி கேட்டதற்கு வருவோம். எத்தனை கணினி, என்ன புரொசசர் என்று நீங்கள் சொல்லவில்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ5 என்றால் அவை இன்டெல் 7 என்ற பழைய தயாரிப்பு முறையில் ஆனவை. தட்டுப்பாடு அங்கேதான். 2025 அக்டோபரில் இன்டெலே அதை ஒப்புக்கொண்டு, 2026 முதல் காலாண்டில் நெருக்கடி உச்சத்துக்குப் போகும் என்றது. இருக்கும் வேஃபரை, அதாவது சில்லுகள் செய்யும் சிலிக்கன் தட்டை, சேர்வர் சில்லுக்கே முதலில் ஒதுக்குகிறார்கள். ஒரு வேஃபர் முடிந்து வெளிவரவே மூன்று மாதம் போலப் பிடிக்கும். ஒரு மாதம் பொறுத்துப் பயனில்லை.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் புரொசசர் கேளுங்கள். ஏஎம்டி 2009இலேயே தன் தொழிற்சாலைகளைப் பிரித்துவிட்டது, இப்போது தைவானின் டிஎஸ்எம்சி செய்து கொடுக்கிறது. இன்டெலின் கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் புரொசசரின் முக்கியத் துண்டும் அங்கேதான் ஆகிறது. இரண்டுக்கும் கோட்டேஷன் எடுங்கள். வாட் சேர்ந்த விலையா, அந்த விலை எத்தனை நாள் செல்லும், எப்போது தருவார்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும்.

கோவைப்பையன்: 32 கணினி அண்ணா, கணக்கு வேலைக்கு. ஐ5 14400தான் காட்டினார்கள். நாளைக்கே ரைசன் விலை கேட்கிறேன். அக்கா, விசா இன்னும் மாற்றவில்லை.

வெள்ளவத்தை அக்கா: அப்ப கம்பெனிக் கடிதத்தோடு பத்தரமுல்லை குடிவரவு அலுவலகத்துக்குக் காலையிலேயே போங்கோ. கூட்டம் வந்தால் ஒரு நாள் போய்விடும்.