மறு: கால்கட்டா, உறைகட்டா?

ஐயா, வணக்கம்.

அமெரிக்க மருத்துவக் கட்டணக் குறியீடுகளைத் தமிழாக்கும்போது, எலும்பு முறிந்த காலுக்குப் போடும் 'cast'-க்கு நீங்கள் சொன்ன 'கால்கட்டு' எனக்கு ஒப்பவில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் 'பையனுக்குக் கால்கட்டு போட்டாச்சு' என்றால் பெண் எந்தத் தோட்டம் என்று கேட்பார்கள். பையனுக்கு வயசு அஞ்சு.

'மாவுக்கட்டு' நல்ல சொல். மலாய் மொழியில் இதைச் சிமென் என்பதால் இங்கே பலருக்கு அது 'சிமெண்டு போட்டிருக்கு'. அதற்கு மாவு எவ்வளவோ மேல். ஆனால் அந்தப் பட்டியலில் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே போடும் கட்டு மாவானால் க்யூ4039, கண்ணாடியிழையானால் க்யூ4040. 'கண்ணாடியிழை மாவுக்கட்டு' என்று எழுத முடியுமா?

இரண்டுமே தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் உறைபவை. அதனால் 'உறைகட்டு'. உறைந்த, உறைகின்ற, உறையும் கட்டு; ஊறுகாய் போல வினைத்தொகை, ஒற்று மிகாது. 'உறைக்கட்டு' என்று யாராவது க் போட்டால் தலையணை உறை ஆகிவிடும், கவனம்.

முழங்காலுக்குக் கீழே போடும் 'short leg cast'-க்கு அகராதி பார்த்து 'குட்டைக்கால் கட்டு' என்று போட்டிருக்கிறீர்கள். ரசீதைப் படிக்கிற தாய் பதறிப்போவாள். குட்டை கட்டுதான், கால் அல்ல. கீழ்க்கால் உறைகட்டு, முழுக்கால் உறைகட்டு போதுமே. 'சிறார்' என்றும் வேண்டாம். அங்கே 11 வயதானால் பெரியவர் குறியீடு. '0–10 வயது' என்றே எழுதிவிடலாம்.

கட்டிவிடும் வேலைக்குத் தனிக் குறியீடு, கீழ்க்காலுக்கு 29405. பொருளுக்கு மேலே சொன்ன க்யூ எண். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பழகிய நமக்கு இது விசித்திரம்தான். ஆனால் நகைக்கடை ரசீதில் தங்கம் வேறு, செய்கூலி வேறு இல்லையா? அந்தச் 'செய்கூலி'யையே எடுத்துக்கொள்வோம். டாக்டருக்குக் கூலியா என்று கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

---

தம்பி,

கால்கட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வீட்டிலும் சிரித்தார்கள். உறைகட்டு இருக்கட்டும், செய்கூலி இன்னும் தொண்டையில் இறங்கவில்லை, இரண்டு நாள் பொறு.

உறைகட்டைக் கழற்றுவதற்கு என்ன சொல்? அமெரிக்காவில் கட்டிய இடத்திலேயே கழற்றினால் தனிக் கட்டணம் கிடையாது; வேறொரு மருத்துவர் கழற்றினால்தான் 29705 போன்ற எண்கள் வரும். ஆகச் சொல் தேவை. 'அவிழ்ப்பு' துணிக்கட்டுக்குச் சரி, இதை ரம்பம் வைத்து அறுக்கிறார்கள். 'கட்டறுப்பு' என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளை முக்தி அடைந்த மாதிரி இருக்கிறது.