பழைய ஜெர்மன் பைலட் வாட்ச் மாதிரி சொந்தமா ஒண்ணு கட்டணும், எந்த மெஷின் எடுக்கலாம்?

நெல்லை_ராஜா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஜெர்மன் விமானப்படையில நேவிகேட்டர்ங்க கட்டுன அந்தப் பெரிய கருப்பு டயல் வாட்ச் மேல எனக்கு பயங்கர ஆசை. ஒரிஜினல் 55 மில்லிமீட்டர்னு படிச்சேன், ஜாக்கெட் கைக்கு மேல கட்டறதுக்காக செஞ்சது, அது நம்ம கைக்கும் ஒத்துவராது பர்ஸுக்கும் ஒத்துவராது. அதனால அதே தோற்றத்துல ஒண்ணு நானே பார்ட்ஸ் வாங்கி கட்டலாம்னு இருக்கேன்.

கேள்வி என்னன்னா, மெஷின் (உள்ள ஓடற இயந்திரம்) எது எடுக்கறது? சீன 6497 வகைன்னு சிலர் சொல்றாங்க, சீகோவோட என்ஹெச்35 ஆட்டோமேடிக் (கை அசைவுலயே சாவி ஏறறது) தான் ஈஸின்னு சிலர் சொல்றாங்க. எனக்கு தினம் சாவி கொடுக்கற வாட்ச்னா ரொம்பப் புடிக்கும். அப்புறம் ஒரு வாட்ஸ்ஆப் குரூப்புல ஒருத்தர், வெறும் டயல் வாங்குற அதே விலைக்கு பெரிய கம்பெனி பேர் போட்ட டயலே கிடைக்கும், கெத்தா இருக்கும், அதையே போடுங்கன்னாரு. மனசுக்கு என்னமோ ஒப்பல, அதான் இங்க கேக்கறேன். லூம் (இருட்டுல ஒளிர்ற பூச்சு) பழசு மாதிரி மங்கலான மஞ்சள்ல வேணும்னா என்ன பண்றதுன்னும் சொல்லுங்க.

சாவிவாட்ச்:
வாங்க ராஜா. நல்ல வாட்சாதான் புடிச்சிருக்கீங்க. மெஷின்லேந்து ஆரம்பிக்கறேன், மத்த எல்லாமே அதைப் பொறுத்துதான்.

6497ங்கறது அடிப்படையில பாக்கெட் வாட்ச் மெஷின், யூனிடாஸ் டிசைன், பின்னாடி ஈட்டா பேர்ல வந்துச்சு. 36.6 மில்லிமீட்டர் அகலம், 4.5 கனம், 17 ஜுவல் (தேய்மானத்தைக் குறைக்கற கல்லு), மணிக்கு 18000 தடவை துடிக்கும். சீனாவுல சீகல் கம்பெனி அதே டிசைன்ல எஸ்டி3600னு செய்யறாங்க. நீங்க கேக்கற வாட்சுக்கு இது ஒரு விதத்துல ரொம்பப் பொருத்தம், ஏன்னா அந்தக் காலத்து ஒரிஜினல்கள்லயும் பலதுல பாக்கெட் வாட்ச் மெஷினைத்தான் வச்சாங்க. லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, ஐடபிள்யூசின்னு 5 பேர் சப்ளை பண்ணாங்க, அதுல ஸ்டோவாவுக்குள்ள ஓடினதே யூனிடாஸ் மெஷின்தான், 6497 இல்ல, அதுக்கு முந்தின வேற ஒண்ணு.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஒரிஜினல்ல செகண்ட் முள் நடுவுல இருக்கும், கிரவுனை (பக்கத்துல இருக்கற சாவித் திருகை) இழுத்தா முள் நிக்கும், ரேடியோ சிக்னலைக் கேட்டு செகண்ட் வரைக்கும் சரி பண்றதுக்காக. 6497ல செகண்ட் முள் 9 மணி கிட்ட குட்டியா ஒரு வட்டத்துல ஓடும், கிரவுனை இழுத்தாலும் நிக்காது. அந்தக் குட்டி வட்டம் உங்க டயல்ல 9ஐ அப்படியே தின்னுடும். 6498 எடுத்தா அதே வட்டம் 6 மணிக்கு வரும், எஸ்டி3620ன்னு கிடைக்குது. சிலர் குட்டி செகண்டே தெரியாத டயல் போட்டு ரெண்டு முள் வாட்சா கட்டிடறாங்க, எனக்கு அது புடிக்கும், சுத்தமா இருக்கும்.

செகண்ட் முள் நடுவுல வேணும், நிக்கவும் வேணும்னா என்ஹெச்38 எடுங்க, என்ஹெச்35 வேண்டாம். ஏன்னா 35ல தேதி இருக்கு, நீங்க தேதி இல்லாத டயல் போட்டாலும் கிரவுனை ஒரு கிளிக் இழுத்தா உள்ள தேதி சக்கரம் சும்மா சுத்திட்டு இருக்கும், கை வைக்கும்போதெல்லாம் உறுத்தும். 38ல அந்தத் தொல்லை இல்ல. ஆட்டோமேடிக்தான், ஆனா கையாலயும் சாவி கொடுக்கலாம், 41 மணி நேரம் ஓடும். கனம் 5.3 வரும்.

என் கருத்து கேட்டா, சாவி கொடுக்கற சந்தோஷம்தான் உங்களுக்கு முக்கியம்னா 6497 வகையையே எடுங்க. முதல் வாட்சுக்கு அதுதான் சரி, பார்ட்ஸ் எல்லாம் பெருசு, கண்ணுக்குத் தெரியும், கைக்கு அடங்கும். பின்பக்கம் கண்ணாடி மூடி போட்டீங்கன்னா அந்தப் பெரிய பேலன்ஸ் வீல் (நேரத்தைக் கட்டுப்படுத்தற சக்கரம்) நிதானமா போய்ட்டு வர்றதைப் பாத்துட்டே இருக்கலாம். கேஸ் 44 மில்லிமீட்டர்ல தாராளமா கிடைக்கும், மணிக்கட்டு ரொம்ப ஒல்லின்னா மட்டும் காதுக்கு காது (பட்டை மாட்டற முனைக்கு முனை) நீளம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்குங்க. டயல், முள் ரெண்டுமே அந்த மெஷினுக்குன்னு போட்டதாத்தான் இருக்கணும், என்ஹெச் முள் இதுல உக்காராது.

முள் போடறதுதான் இந்த வேலையிலயே நெஞ்சு படபடக்கற இடம். மணி முள்ளை சரியா 12ல, டயலுக்கு இணையா மெதுவா அமுக்குங்க, அப்புறம் நிமிஷ முள்ளையும் 12லயே. உடனே கண்ணாடி மாட்டிடாதீங்க, கிரவுனை இழுத்து முழுசா 12 மணி நேரம் சுத்தி விட்டு, லூப்பை (கண்ணுல வைக்கற பூதக்கண்ணாடி) வச்சு பக்கவாட்டுல பாருங்க, ரெண்டு முள்ளுக்கும் நடுவுல எல்லா இடத்துலயும் வெளிச்சம் தெரியணும். எங்கயாவது உரசற மாதிரி இருந்தா அங்கேயே நிறுத்தி சரி பண்ணிடுங்க. முள்ளை அமுக்கும்போது டயல் மேல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவர் துண்டை வச்சுக்கோங்க, டூல் நழுவினா டயல்ல கோடு விழாது.

டூல்ஸ் நிறைய வேண்டாம். நல்ல ஸ்க்ரூடிரைவர் ரெண்டு, முள் அமுக்கி, முள் எடுக்கற லீவர், ட்வீசர், மெஷின் ஹோல்டர், லூப், காத்தடிக்கற பல்பு, விரல் உறை. தூசிதான் எதிரி. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு உக்காருங்க.

வழக்கறிஞர்_பாலா:
பேர் போட்ட டயல் பத்தி நான் சொல்றேன், தொழில் சம்பந்தப்பட்டதுங்கறதால மட்டும் இல்ல, நானும் சேகரிக்கறவன்.

போடாதீங்க. பழைய டிசைன் மாதிரி கட்டறது ஒண்ணு, அடுத்தவன் பேரை டயல்ல அச்சடிக்கறது வேற ஒண்ணு. முக்கோணமும் ரெண்டு புள்ளியும், கருப்பு டயல்ல வெள்ளை எண், வாள் மாதிரி முள், இதெல்லாம் 80 வருஷத்துக்கு மேல பழைய ராணுவ டிசைன், இன்னைக்கு எத்தனையோ கம்பெனி அதே மாதிரி செய்யறாங்க. ஆனா கம்பெனி பேருங்கறது டிரேட்மார்க். நம்ம ஊர் டிரேட்மார்க் சட்டம் 1999ல, பொய்யா முத்திரை போடறதுக்கு 103வது பிரிவும், அப்படிப்பட்ட பொருளை விக்கறதுக்கு 104வது பிரிவும் இருக்கு. 6 மாசத்துலேந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50000லேந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். வெளிநாட்டுலேந்து அந்த டயலை வரவழைச்சா கஸ்டம்ஸ்லயே புடிச்சு வைக்கறதுக்கும் 2007லேந்து தனி விதிமுறை இருக்கு.

"நான் விக்கப் போறதில்லையே, நானேதானே கட்டிக்கப் போறேன்"னு சொல்லலாம். சரிதான், ஆனா நீங்க கட்டின வாட்ச் உங்க கையிலயே கடைசி வரைக்கும் இருக்கும்னு யார் சொன்னா? நாளைக்கு வீட்ல யாராவது எடுத்து விப்பாங்க, வாங்கறவன் அதை உண்மைன்னு நம்புவான். பழைய வாட்ச் மார்க்கெட்டு இவ்வளவு கலங்கிப் போய் கிடக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம். எனக்கு இதுல கோபமே உண்டு.

இன்னொண்ணு கேளுங்க. அந்த ஒரிஜினல் வாட்ச் டயல்ல கம்பெனி பேரே கிடையாது! முன்பக்கம் சுத்தமா வெறும் டயல்தான், தயாரிச்சவங்க பேர், மெஷின் நம்பர், எஃப்எல் 23883ங்கற குறியீடு எல்லாம் பின்மூடிக்கு உள்பக்கம் இருக்கும், கேஸ் ஓரத்துலயும் எஃப்எல் நம்பர் பொறிச்சிருப்பாங்க. அதனால பேர் போட்ட டயலை வச்சு கட்டினா அந்த வாட்சுக்கே பொருந்தாது, விஷயம் தெரிஞ்சவங்க ஒரு பார்வையிலயே கண்டுபுடிச்சிடுவாங்க. வெறும் டயல்தான் சட்டப்படியும் சரி, வரலாற்றுப்படியும் சரி. பின்மூடிக்கு உள்ள உங்க பேரையும் வருஷத்தையும் பொறிச்சு வைங்க, பின்னாடி யார் கைக்குப் போனாலும் யார் கட்டினதுன்னு தெளிவா தெரியும்.

பைலட்_பிரியன்:
பாலா சார் சொன்னதுக்கு மேல நம்ம ஊர் கதையும் கொஞ்சம் சேத்துக்கறேன். ராஜா, வாட்ச் கட்டறதுல இறங்கினவங்க சீக்கிரமே பழசு வாங்கவும் ஆரம்பிச்சிடுவாங்க, நீங்களும் ஹெச்எம்டி பைலட் தேடுவீங்க, பாருங்க. அதுவும் கருப்பு டயல் வெள்ளை எண்தான், அதுவும் சாவி கொடுக்கற 17 ஜுவல் மெஷின், 1961ல பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட்டோட ஆரம்பிச்ச தொழிற்சாலையோட வழி வந்தது. 2016ல வாட்ச் பிரிவை மூட அரசாங்கம் முடிவெடுத்ததும் எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க, விலையும் ஏறிச்சு, கூடவே ரீடயலும் குவிஞ்சிடுச்சு.

பழைய மெஷின், பழைய கேஸ், அதுல புதுசா அச்சடிச்ச டயல். இதுதான் ரீடயல். ஆன்லைன்ல பளபளன்னு ஆரஞ்சு, பச்சை, ரத்தச் சிவப்புன்னு வர்றதுல பெரும்பாலானது இந்த ரகம்தான். லூப்பை வச்சு எழுத்தைப் பாருங்க, ஒரிஜினல்ல எழுத்தோட ஓரம் கூர்மையா இருக்கும், ரீடயல்ல மை பரவி தடிச்சிருக்கும். நிமிஷ முள் நுனி நிமிஷக் கோட்டைத் தொடுதா பாருங்க, குட்டையா இருந்தா வேற வாட்ச் முள்ளு. கேஸ் தேஞ்சு பித்தளை தெரியுது, டயல் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி இருக்குன்னா ஏன்னு கேளுங்க. விக்கறவர்கிட்ட மெஷின் ஃபோட்டோ கேளுங்க, தராம மழுப்பினா விட்டுடுங்க.

ரீடயல்னு சொல்லி ரீடயல் விலைக்கு வித்தா எனக்கு ஆட்சேபணையே இல்ல, ஓடற மெஷின் ஒண்ணு குப்பைக்குப் போகாம ஒருத்தர் கையில இருக்குங்கறது நல்ல விஷயம்தான். ஒரிஜினல்னு சொல்லி விக்கறதுதான் அநியாயம்.

லூம் கேட்டிருந்தீங்க. டயல் வாங்கும்போதே பழைய ரேடியம் நிறம்னு கேளுங்க, அந்த வெளிர் பழுப்பு கலர் லூம் இப்ப ரெடியாவே வருது, இருட்டுல பச்சையாவோ மஞ்சளாவோ ஒளிரும், ஆபத்து ஒண்ணும் இல்ல. டீ டிகாக்‌ஷன்ல ஊறவைக்கறது, அடுப்புல சுடறதெல்லாம் வேண்டாம், டயல் பெயின்ட் வெடிச்சிடும்.

ஆனா நிஜமான பழைய டயல் அல்லது பழைய முள் யாராவது குடுத்தா ஜாக்கிரதை. அந்தக் காலத்துல நிஜ ரேடியம்தான் பூசினாங்க. அது இப்ப ஒளிராது, அதனால செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கறாங்க. செத்தது அது கூட கலந்த ஜிங்க் சல்ஃபைடுதான், ரேடியம் அப்படியேதான் இருக்கு, பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். சுரண்டாதீங்க, ஊதாதீங்க, மூடின கேஸைத் திறக்காதீங்க. அந்தப் பொடி மூக்கு வழியா உள்ள போறதுதான் ஆபத்து.

நெல்லை_ராஜா:
அண்ணங்களா, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கவே இல்ல, ரொம்ப நன்றி. டயல்ல பேரே கிடையாதுங்கறது எனக்குத் தெரியாது பாலா சார், அதோட அந்த யோசனைய விட்டுட்டேன். எஸ்டி3600, 44 கேஸ், வெறும் டயல், ரெண்டு முள்ளு, முடிவு பண்ணிட்டேன். கடைசியா ஒரு சந்தேகம், கிரவுன் கம்பியை அளவு பாத்து நாமதான் வெட்டணுமாமே, அதை எப்படி வெட்டறது? அதுல கெட்டுப்போச்சுன்னா?

சாவிவாட்ச்:
கம்பி தனியாவும் கிடைக்கும், விலையும் கம்மிதான், ரெண்டு சேத்து வாங்கி வச்சுக்கோங்க, பயம் போயிடும்.

மெஷினை கேஸுக்குள்ள உக்கார வச்சு, வெட்டாத கம்பியில கிரவுனை மாட்டி, முழுசா உள்ள தள்ளுங்க. கிரவுனோட அடிப்பாகத்துக்கும் கேஸுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ அதை வெர்னியர்ல அளங்க. அந்த அளவை விட கொஞ்சம் கம்மியா வெட்டுங்க, மீதிய அரத்துல தேய்ச்சு தேய்ச்சு மாட்டிப் பாருங்க. அதிகமா வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது, நீளமா இருந்தா எப்ப வேணா குறைக்கலாம். வெட்டின முனையை லேசா சரிவா தேய்ச்சு விடுங்க, இல்லன்னா மரை புடிக்காது. சாவி கொடுக்கறது, இழுத்து டைம் வைக்கறது ரெண்டும் சரியா வருதான்னு பாத்துட்டு கடைசியாதான் மரைக்கு பசை.

கம்பியை வெளிய எடுக்கறப்ப ஒரு விஷயம். அதைப் புடிச்சிருக்கற ஸ்க்ரூவை ஒரு சுத்து, மிஞ்சிப்போனா ரெண்டு சுத்து மட்டும் தளர்த்துங்க, கம்பி தானா வந்துடும். அதுக்கு மேல சுத்தினா அடியில இருக்கற லீவர் கழண்டு டயல் பக்கம் விழுந்துடும், அப்புறம் முள்ளு, டயல் எல்லாத்தையும் கழட்டித்தான் திரும்ப மாட்டணும்.

கட்டி முடிச்சதும் டைம்கிராஃபர் (வாட்ச் ஓட்டத்தை அளக்கற கருவி) வச்சிருக்கற கடையில ஒரு தடவை போட்டுப் பாருங்க, அதுல லிஃப்ட் ஆங்கிள் (மெஷினுக்கு ஏத்தபடி வைக்கற அளவு) 44னு வைக்கச் சொல்லுங்க. முழு சாவி கொடுத்து, டயல் மேல பாத்த மாதிரி வச்சா ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் வீல் ஆடற அளவு) 270 டிகிரிக்கு மேல இருந்தா மெஷின் ஆரோக்கியமா இருக்கு. திடீர்னு கன்னாபின்னான்னு ஃபாஸ்ட்டா ஓடிச்சுன்னா முதல்ல காந்தம் ஏறியிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, ஸ்பீக்கர் பக்கத்துல வச்சிருந்தாலே போதும், ஏறிடும். பார்ட்ஸ் வந்ததும் இங்கேயே படம் போடுங்க, முள்ளு போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துச் சொல்றேன்.