பிளைவுட்டில் மீன்கொத்தி: வாணிஷ் பால்போல வெளுக்குது

கேள்வி (கல்லடி):
6 மில்லிமீற்றர் பிளைவுட்டில் வெண்மார்பு மீன்கொத்தி வரைஞ்சேன், அக்ரிலிக் நிறத்தில். மாரியில வாணிஷ் பூசினேன், வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி இருக்கு. பலகையும் வளையுது. என்ன செய்யலாம்?

பதில் 1 (ஏறாவூர்):
புகை, உள்ளே மாட்டின ஈரம். தடிப்பாப் பூசியிருப்பீங்க. காய்ஞ்ச வெயில் நாளில் ஹெயார் டிரையரைத் தள்ளிப் பிடிச்சு இளஞ்சூடு காட்டுங்க. தெளியாட்டி 400 நம்பர் மண்தாளால் மெல்லத் தேய்ச்சு, மெல்லிய பூச்சா இரண்டு தரம், இடையில ஒரு நாள் விட்டுப் பூசுங்க. நிறம் தேய்ஞ்சிடும், கவனம்!

வளைவுக்குக் காரணம் பின்பக்கம் வெறுமையா இருக்கிறது. முன்னுக்கு ஜெசோ (நிறத்துக்கு முதல் பூசுற வெள்ளை அடிப்பூச்சு) பூசினால் பின்னுக்கும் ஓரங்களுக்கும் அதே அளவு பூசணும். இல்லாட்டி வாவிக்காற்றின் ஈரத்தை ஒரு பக்கம் மட்டும் குடிக்கும்.

பதில் 2 (அக்கரைப்பற்று):
அண்ணன் சொன்னது சரி. எம்.டி.எஃப் (மரநாரை அமுக்கிச் செய்யிற) பலகைக்கு மட்டும் மாறிடாதீங்க, ஓரம் ஊதிடும்.

நீலம் பற்றியும் ஒன்று: அந்த முதுகு நீலம் சாயமில்லை, இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிக்கிறதால வாறது. தனி அல்ட்ராமரின் (ஊதா சாய்ந்த நீலம்) செத்துக் கிடக்கும். தாலோ நீலத்தோட (பச்சை சாய்ந்த அடர்நீலம்) வெள்ளை கலந்து அடித்தளம் போட்டு, மேலே நீர்த்த தாலோவை இரண்டு மூன்று படையா ஓட்டுங்க.

கேள்வி கேட்டவர்:
பின்பக்கம் வெறும் பலகைதான். இப்ப பூசினால் நிமிருமா?

பதில் 1:
சிறிய வளைவெண்டால் நிமிரலாம். பெரிசெண்டால் பின்னால் குறுக்குச் சட்டம் இரண்டு ஒட்டுங்க.