கீமோ நடக்கிறது, வயிற்றில் பை இருக்கிறது, வீட்டுக்காரர் ஹாலில் தனியாகப் படுக்கிறார் – உங்கள் வீடுகளில் எப்படி?

கோவில்பட்டி கலா

வணக்கம். இங்கே எல்லாருடைய பதிவுகளையும் படிப்பேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் கணவருக்கு 51 வயது, மலக்குடலில் புற்றுநோய். முதலில் கதிர்வீச்சும் கூடவே மாத்திரையும் கொடுத்தார்கள், அப்புறம் ஆபரேஷன். அதில் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வலது பக்கம் வெளியே எடுத்து வைத்து, கழிவு சேர ஒரு பை மாட்டியிருக்கிறார்கள். தற்காலிகம்தான், கீமோ முடிந்ததும் உள்ளே வைத்து மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது 3 வாரத்துக்கு ஒரு முறை மதுரைக்குப் போய் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டு வருகிறோம். வீட்டில் 14 நாள் கேப்சிடபின் மாத்திரை, பிறகு 7 நாள் இடைவெளி, மறுபடி மதுரை.

நோயைப் பற்றிக் கேட்க வரவில்லை, அதற்கு டாக்டர் இருக்கிறார். நான் கேட்பது வீட்டைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் ஹாலில் கட்டில் போட்டுத் தனியாகப் படுக்கிறார். பை மாற்றப் போனால் பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளே இருக்கிறார், நான் வெளியே நின்று கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். இருபத்து மூன்று வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள். நான் பார்க்காத எது அவரிடம் இருக்கிறது? பேச்சும் சுருங்கிவிட்டது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, ஸ்கேன் எப்போது, அவ்வளவுதான். உதிரிபாகக் கடை வைத்திருக்கிறோம், கடைப் பக்கமே போவதில்லை, கணக்கு நான்தான் பார்க்கிறேன். பெண் 12-ஆம் வகுப்பு, அவளிடமும் முன்போல் பேசுவதில்லை.

அவர் போக்கிலேயே விட்டுவிடுவதா, இல்லை நான் பிடிவாதமாகப் பக்கத்தில் போவதா? இதைத் தாண்டி வந்தவர்கள் அன்றாடம் எப்படி ஓட்டினீர்கள் என்று சொன்னால் போதும். ஆறுதல் வார்த்தை வேண்டாம், அது நிறையக் கிடைக்கிறது.

பொன்மலைக்காரன்

தங்கச்சி, நான் பை மாட்டிக்கொண்டிருந்தவன் பேசுகிறேன். இதே நோய், இதே வலது பக்கப் பை, இதே மருந்து. இப்போது மூடியாகிவிட்டது. அவர் உன்னை ஒதுக்கவில்லை, ராத்திரி பை கசிந்து உன் மேல் பட்டுவிடுமோ என்று பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம்தான் இருந்தது, அதை வாயைத் திறந்து சொல்ல முடியாது, அதனால் வேறு எதற்காவது கத்துவோம்.

ஆகவே முதலில் கசிவை நிறுத்து, மற்றது தானாக வரும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும், முழுக்க நிறையவிட்டால் கனம் இழுத்து ஓரம் விட்டுப்போகும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிட்டு, படுக்கும்முன் ஒரு தடவை, நடுராத்திரி அலாரம் வைத்து ஒரு தடவை காலி செய்தால் போதும். பையைத் தோலோடு ஒட்டுகிற தகட்டில் வெட்டும் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் ஆறு எட்டு வாரத்தில் அந்தக் குடல் முனை சுருங்கிக்கொண்டே வரும், பழைய அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள தோல் புண்ணாகிவிடும். தோல் எரிகிறதென்று நம் ஊரில் உடனே தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். தடவினால் தகடு ஒட்டவே ஒட்டாது. பவுடரும் வேண்டாம், அதற்கென்றே உள்ள பவுடர் மட்டும். வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து ஒட்டினால் போதும்.

பை மாற்றுவதை விடியற்காலையில், காப்பிகூடக் குடிக்காமல் செய்யச் சொல். அப்போதுதான் குடல் அமைதியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும், அந்த முக்கால் மணி நேரம் அதனால்தான் ஆகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வேட்டி முடிச்சு சரியாகப் பை மேல் வந்து உட்காரும். கடைக்குப் போகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டி மேலே தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டேன், வெளியே தெரியாது. மூடியிருக்கும்வரை பை நாறாது, அவருக்கு மட்டும்தான் நாறுவதுபோல் தோன்றிக்கொண்டிருக்கும். இதை நீ சொன்னால்தான் நம்புவார்.

பை விஷயத்தில் அவர் கூப்பிடாமல் உள்ளே போகாதே. ஆனால் கட்டிலை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல். மெத்தைக்கு ரெக்சின் விரிப்பு ஒன்று, அதன்மேல் பழைய சேலை, அவ்வளவுதான்.

ரயிலில் போகிறீர்கள் என்றால் ஆஸ்பத்திரியில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். பஸ்ஸில் பையோடு உட்கார்ந்து போவதைவிட ரயில் எவ்வளவோ மேல், கழிப்பறை இருக்கிறது.

வார்டு சிஸ்டர்

கலா அக்கா, நான் கீமோ வார்டில் வேலை பார்க்கிறேன். அண்ணன் மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பையை முழுக்க அவரிடமே விட்டுவிடுவது ஆக்ஸாலிபிளாட்டின் போகிறவர்களுக்குச் சரிப்படாது. அந்த மருந்து விரல் நுனியைப் பிடிக்கும். முதலில் குளிர் பட்டால் மட்டும் சுருக்கென்று குத்தும், ஊசி போட்ட சில நாட்களில் போய்விடும். டோஸ் ஏற ஏற அந்த நாட்கள் நீளும், பிறகு குளிர் இல்லாமலே மரத்துப்போக ஆரம்பிக்கும். சட்டைப் பொத்தான் போட முடியாது, சில்லறை எண்ண முடியாது. அந்த விரலை வைத்துக்கொண்டு சின்னக் கத்தரிக்கோலால் தகட்டில் வட்டமாக வெட்டுவதும் பையின் அடி மூடியை அழுத்தி மூடுவதும் எப்படி முடியும்? நீங்கள் கேட்டுப் பாருங்கள். மரத்துப்போனால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதை வைத்துத்தான் டோஸைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். ஆண்கள் நிறையப் பேர் தாங்கிக்கொள்கிறேன் என்று மறைத்துவிடுகிறார்கள். கீமோ முடிந்த பிறகும் சிலருக்கு மரப்பு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட நிற்கிறது.

ஊசி போட்ட வாரம் ஃபிரிட்ஜைத் திறக்க விடாதீர்கள். எவர்சில்வர் டம்ளர், மார்பிள் தரை, காலையில் குழாய்த் தண்ணீர் எல்லாமே குத்தும். பச்சைத் தண்ணீர் குடித்தாலே தொண்டை அடைப்பதுபோல் இருக்கும், மூச்சே வராததுபோல் பயந்துவிடுவார்கள். அதற்காகக் கொதிக்கக் கொதிக்கவும் வேண்டாம், கேப்சிடபின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்கவைத்து உரிக்கும், சூடு பட்டால் அது கூடும். எல்லாம் வெதுவெதுப்பாக. கை கால் வறண்டு போகாமல் கிரீம் தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாத்திரை காலை, இரவு இரண்டு வேளையும் சாப்பிட்டு அரை மணிக்குள். உடைக்கக்கூடாது, நீங்கள் வெறும் கையால் எடுத்துக் கொடுக்காமல் மூடியில் கவிழ்த்துக் கொடுங்கள். பையைத் தொடும்போது கையுறை போடுங்கள், கழிவைக் கொட்டிவிட்டு மூடியைச் சாத்தி இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். உறவினர்கள் வாங்கித் தரும் சத்து மாத்திரையை டாக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம், அதிலுள்ள ஃபோலிக் அமிலம் கேப்சிடபினின் பக்க விளைவைக் கூட்டக்கூடும்.

உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் இந்தப் பைக்காரர்களுக்குப் பெரிய ஆபத்து, அதுவும் இந்த மாத்திரையோடு பேதி சேர்ந்தால். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் கொடுத்தால் இன்னும் அதிகமாகத்தான் வெளியே போகும், உப்பு வேண்டும். ஓஆர்எஸ், உப்பு போட்ட மோர், உப்பு போட்ட கஞ்சி. இளநீரில் உப்புச் சத்து குறைவு, அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் வந்தாலோ, நின்றால் தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே கூப்பிடுங்கள். காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். மலக்குடலில் கதிர்வீச்சும் ஆபரேஷனும் ஆன ஆண்களுக்கு அங்கே போகும் நரம்புகள் பாதிக்கப்பட்டு தாம்பத்தியத்தில் சிரமம் வருவது சாதாரணம். பலர் வேறு அறையில் போய்ப் படுப்பதற்கு அதுவும் காரணம், மனைவி எதிர்பார்ப்பாளே என்ற கூச்சம். சிலருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பும், திரும்பாவிட்டாலும் மருந்து இருக்கிறது, அறுவை சிகிச்சை டாக்டரிடமே கேட்கலாம். அதுவரை பக்கத்தில் படுப்பது என்றால் பக்கத்தில் படுப்பது மட்டும்தான் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அவருக்குப் பெரிய பாரம் இறங்கும். கீமோ காலத்தில் சேர்ந்தால் ஆணுறை கட்டாயம்.

தென்காசி சாந்தி

கலா, நான் உன் நிலைமையில் இருக்கிறவள், ஆனால் எங்களுக்கு முடியும் தேதி கிடையாது. என் கணவருக்குப் பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி, அப்புறம் இடுப்பில் மருந்துப் பம்ப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து 46 மணி நேரம் கழித்துக் கழற்றுகிறோம். இப்படியே போகும் வரை போகும். அதனால் 'முடிந்த பிறகு பார்த்துக்கலாம்' என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது.

நீ கணக்கை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் பார், அதைத் திருப்பிக் கொடு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாம் பாவம் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம், கடைசியில் அவர்களுக்கு மாத்திரை போடுவது மட்டும்தான் வேலை, அப்புறம் பேச என்ன இருக்கும்? என் கணவர் தையல்காரர், மிஷினில் உட்கார முடியாது, ஆனால் வருகிற துணிக்கு அளவு எடுப்பதும் விலை சொல்வதும் அவர்தான், வாடிக்கையாளரிடம் சண்டை போடுவதும் அவர்தான். சண்டை போட்ட அன்றைக்கு ஒரு தோசை கூடச் சாப்பிடுவார். கடைப் பையனிடமிருந்து தினம் வருகிற ஃபோன் அவருக்கு வரட்டும், உனக்கு வேண்டாம். எந்த உதிரிபாகம் எவ்வளவு என்று நீ சமையல் செய்துகொண்டே அவரிடம் கேள்.

ஊசி போட்டு வந்த நாலைந்து நாள் எதையும் எதிர்பார்க்காதே, சண்டைக்கும் பதில் பேசாதே, அது மருந்தின் நேரம். ஊக்க மருந்தும் கொடுக்கிறார்களே, ஸ்டீராய்டு, அதில் தூக்கம் வராமல் கோபம் வரும். அடுத்த ஊசிக்கு முந்தின வாரம் மனுஷன் மனுஷனாக இருப்பார், பேச வேண்டியதை, போக வேண்டிய இடத்தை அந்த வாரத்தில் வைத்துக்கொள்.

பார்க்க வருகிறவர்களை ஹாலில் வைத்துப் பேசவிடாதே. எங்கள் வீட்டில் முள் சீத்தாப்பழம் கொண்டுவந்து கீமோவை நிறுத்தச் சொன்னவரை என் மாமியாரே எழுந்து அனுப்பிவைத்தார். உன் வீட்டுக்காரர் ஹாலில் படுத்திருப்பதால்தான் வந்தவர்கள் எல்லாருக்கும் காட்சிப்பொருளாக இருக்கிறார், அதையே காரணமாகச் சொல்லிக் கட்டிலை உள்ளே நகர்த்து.

கோவில்பட்டி கலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்த அன்று ராத்திரி அவர் கையைப் பிடித்து, குண்டூசி நுனியை மெல்லத் தொட வைத்துக் கேட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தெரியவில்லையாம். பாத்ரூமில் கத்தரிக்கோல் கீழே விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது, இதனால்தான் என்று அவர் சொல்லவேயில்லை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்று பயந்திருக்கிறார். ஃபோனில் டாக்டரிடம் சொல்லிவிட்டோம், அடுத்த ஊசிக்கு முன்னால் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார்.

இப்போது தகட்டை நான் வெட்டுகிறேன். அளவு அட்டையை வைத்துப் பார்த்தால் நிஜமாகவே ஓட்டை பெரிதாகத்தான் இருந்தது. ஒட்டுவது, துடைப்பது அவர்தான், நான் கதவுக்கு வெளியே நின்று வெட்டியதை நீட்டுகிறேன், கதவு பாதி திறந்திருக்கிறது. கட்டில் இன்னும் ஹாலில்தான், ஆனால் நான் கீழே பாய் விரித்துப் படுக்கிறேன், போ என்று சொல்லவில்லை. சாந்தி, கடை ஃபோனை அவருக்கு மாற்றிவிட்டேன், முதல் நாளே பையனைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

ஒரு சந்தேகம். சாத்தூரில் என் அண்ணன் மகள் கல்யாணம் வருகிறது. வரமாட்டேன் என்று சொன்னவர் நேற்று, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பினால் வரலாம் என்கிறார். அழைத்துப் போகலாமா?

பொன்மலைக்காரன்

தாராளமாக. போனதும் மண்டபத்தில் கழிப்பறை எங்கே, தண்ணீர் வருகிறதா என்று நீ முதலில் பார்த்து வை. மாற்றுப் பை, ஏற்கனவே வெட்டிய தகடு, ஒரு வேட்டி, பழைய துணி, கட்டிப் போட ஒரு கவர் எல்லாம் உன் கைப்பையில். பந்தியில் வேர்க்கடலை, தேங்காய்த் துண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு கூடாது, குடல் முனையில் அடைத்துக்கொள்ளும். சாதம், ரசம், மோர், வாழைப்பழம் சாப்பிடலாம், நன்றாக மென்று சாப்பிடச் சொல். ஐஸ்கிரீம் பக்கம் போகவேண்டாம்.

வார்டு சிஸ்டர்

கல்யாணம் ஊசி போட்டு எத்தனையாவது நாளில் வருகிறது அக்கா? ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரைதான் பொதுவாக வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், அந்த நாளில் விழுந்தால் முந்தின நாள் ரத்தம் பார்த்துவிட்டுப் போங்கள், மாஸ்க் போட்டு ஓரமாக உட்காருங்கள். மூன்றாவது வாரத்தில் என்றால் யோசிக்காமல் அழைத்துப் போங்கள்.