புதன்கிழமை மதிய பேஸ்பால் ஆட்டம்: கூட்டமே இல்லாவிட்டாலும் போகலாமா?

டிவி_ரசிகன்:
அமெரிக்கா வந்ததிலிருந்து பேஸ்பாலை டிவியில்தான் பார்க்கிறேன். இந்தப் புதன்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் 1 மணி ஆட்டத்துக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இருக்கைப் படத்தில் பாதிக்கு மேல் காலி. இரண்டு அணிகளுமே பட்டியலில் அடியில் கிடக்கின்றன. கூட வரவும் ஆளில்லை. போரடிக்குமா? சனிக்கிழமை வரை பொறுக்கலாமா?

ஸ்கோர்புக்:
பொறுக்க வேண்டாம், புதனே போங்கள்.

வாரநாள் மதிய ஆட்டம் பெரும்பாலும் அந்தத் தொடரின் கடைசி ஆட்டம். முடிந்த கையோடு விமானம் ஏற வேண்டும் என்பதால் சீக்கிரம் வைப்பார்கள். 'கெட்அவே டே' என்று பெயர். முந்தைய இரவு ஆடிய கேட்சருக்கு (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஓய்வு கொடுத்து மாற்று ஆளை இறக்குவது வழக்கம். பெரிய பெயர்களை எதிர்பார்த்துப் போனால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் காதுக்கு விருந்து. பந்து கேட்சரின் கையுறையில் விழும் சத்தம், அம்பயரின் குரல், வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலிருந்து வரும் கிண்டல் எல்லாம் தெளிவாகக் கேட்கும். சனிக்கிழமை ஸ்பீக்கர் பாட்டில் இதெல்லாம் அமுங்கிவிடும்.

அப்புறம், டிவி காட்டாததைப் பாருங்கள். பேஸ்களில் ஓட்டக்காரர் யாரும் இல்லாதபோது ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) பக்கம் தரைப்பந்து போனால், எல்லாரும் பந்தையே பார்ப்பார்கள். நீங்கள் கேட்சரைப் பாருங்கள். முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் ஓடுவார். ஷார்ட்ஸ்டாப் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்த பந்து தவறிப்போனால் பிடிக்கத்தான் அந்த ஓட்டம். பத்துக்கு ஒன்பது முறை சும்மா ஓடித் திரும்புவார், அந்த வெயிலில், அத்தனை கவசத்தோடு. எனக்கு ஹோம் ரன்னைவிட அதுதான் பிடிக்கும்.

தனியாகப் போவதால் ஸ்கோர் எழுதிப் பழகலாம். பிட்சர் 1, கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6 என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். 6-4-3 என்று எழுதினால், ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து செகண்ட் பேஸ்மேன் (4), அவரிடமிருந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேன் (3) என்று பந்து போய் ஒரே ஆட்டத்தில் இருவர் அவுட் ஆகும் ஒரு டபுள் பிளே முழுதும் அதில் அடங்கிவிடும். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு K என்று எழுதுவார்கள்; கடைசிப் பந்துக்கு பேட்டை வீசாமலே அவுட் ஆனால் அந்த K-வைத் திருப்பிப் போடுவார்கள். 2023-ல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேரக் கெடு வைக்கும் கடிகாரம்) வந்த பிறகு ஆட்டம் விறுவிறு என்று ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பந்துக்கும் குனியாமல், பேட்டர் ஆடி முடித்த பிறகு எழுதுங்கள்.

இடம்? மூன்றாம் பேஸ் பக்கம், மேல் அடுக்கு. பல மைதானங்களில் அங்கேதான் நிழல் முதலில் வரும்.

மேல்_அடுக்கு:
கூட்டம் குறைவு என்று கவலையா? 1979 ஏப்ரல் 17 அன்று ஓக்லாண்டில் ஒரு ஆட்டத்துக்கு அறிவித்த எண்ணிக்கையே 653. 2015 ஏப்ரல் 29-இல் பால்டிமோரில் நகரக் கலவரம் காரணமாக ரசிகர்களை உள்ளேயே விடவில்லை. காலி மைதானத்தில் உள்ளூர் அணி ஓரியோல்ஸ் 8-2 என்று ஜெயித்தது. இன்னொன்று, அறிவிக்கும் எண்ணிக்கை விற்ற டிக்கெட்டுக்குத்தான். கண்ணுக்குத் தெரியும் தலைகள் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வலைக்கு_வெளியே:
காலியாக இருக்கிறதே என்று கீழே போய் உட்காராதீர்கள். சில மைதானங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள், சில இடங்களில் ஒவ்வொரு படியிலும் டிக்கெட் கேட்பார்கள். பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதுகாப்பு வலை இல்லாத பகுதியில் இருந்தால் பந்து வீசும்போது போனைப் பார்க்க வேண்டாம். ஃபவுல் பால் வந்தால் பிடிக்கப் பக்கத்தில் ஆள் இருக்காது.

டிவி_ரசிகன்:
நன்றிங்க, மூன்றாம் பேஸ் பக்கமே எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: ஆட்டம் சமனாகி 10-வது இன்னிங்ஸ் போனால் செகண்ட் பேஸில் ஒருவரைச் சும்மா நிறுத்துகிறார்களே, அதை எப்படி எழுதுவது?

ஸ்கோர்புக்:
2020-ல் வந்த விதி. எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. அந்த இன்னிங்ஸை யார் தொடங்குகிறாரோ, பேட்டிங் வரிசையில் அவருக்கு முந்தையவர்தான் அங்கே நிற்பார். அவர் பெயருக்கு நேரே புதுக் கட்டத்தில் செகண்ட் பேஸ் மூலையில் ஒரு புள்ளி வையுங்கள். அவர் ரன் எடுத்தாலும் பிட்சர் கணக்கில் அது 'எர்ன்ட் ரன்' (பிட்சரின் பொறுப்பில் சேரும் ரன்) ஆகாது.